எண்ணெயும் தேனும் குறைத்தால் ஸ்டிர்-ஃப்ரை சாஸ் உப்புத் தண்ணியாகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

பச்சைமிளகாய் கேட்டது:

இரண்டு பேருக்கான அளவு: 400 கிராம் காய் (குடைமிளகாய், ப்ரோக்கோலி, கேரட், காளான்), 200 கிராம் எலும்பில்லாத கோழி. பழைய சாஸ்: சோயா சாஸ் 3 டேபிள்ஸ்பூன், தேன் 2 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், கார்ன்ஃப்ளார் 1 டேபிள்ஸ்பூன், தண்ணீர் அரை கப். ருசி பிரமாதம், கலோரிதான் இடிக்கிறது.

தேனை 1 டீஸ்பூனாகக் குறைத்து, எண்ணெயை அடியோடு எடுத்துவிட்டால் மூன்று தொல்லை. ஒன்று, நாக்கில் உப்பு மட்டும்தான் தெரிகிறது. இரண்டு, சாஸ் காயில் ஒட்டாமல் தட்டின் அடியில் குளம் கட்டுகிறது. மூன்று, தேனுக்குப் பதில் ஸ்டீவியா போட்டால் கடைசியில் ஒரு கசப்பு. வீட்டில் உப்பும் குறைக்க வேண்டியிருக்கிறது. அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

இரும்புச்சட்டி:

முதலில் கலோரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன் ஏறக்குறைய 360, தேன் 2 டேபிள்ஸ்பூன் 130, கார்ன்ஃப்ளார் 30, சோயா சாஸ் முழுவதும் சேர்த்தே 30-க்குள். ஆக 550 கலோரியில் 490 இரண்டே பொருளில். சோயா, வினிகர், இஞ்சி, பூண்டு, மிளகாய் எல்லாம் கணக்கில் எடுக்கவே வேண்டாம். ருசி தருபவற்றில் கை வைக்காமல் இந்த இரண்டை மட்டும் இறக்கினால் போதும்.

உப்பு தூக்கலாகத் தெரிவதற்குக் காரணம் எளிது. இனிப்பும் கொழுப்பும் உப்பை அடக்கி வைத்திருந்தன. அவற்றை எடுத்துவிட்டு 3 டேபிள்ஸ்பூன் சோயாவை அப்படியே விட்டால் உப்பு துருத்திக்கொண்டுதான் நிற்கும். சாதாரண சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூனில் சுமார் 900 மி.கி. சோடியம் இருக்கிறது. உங்கள் அளவில் ஆளுக்கு 1,350 மி.கி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2,000 மி.கி.க்குள் இருக்கச் சொல்கிறது. எனவே சோயாவும் இறங்க வேண்டும். அது விட்டுப்போகும் இடத்தை நிரப்புவது காய்ந்த ஷிடாகே காளான் ஊறிய தண்ணீர்.

உங்கள் அளவுக்கு இப்படிச் செய்யுங்கள்:

4 காய்ந்த ஷிடாகேயை 200 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க ஊற வையுங்கள். வெந்நீரில் அரை மணியில் ஊறிவிடும், ஆனால் லேசாகக் கசக்கும். தண்ணீரை மேலாக ஊற்றி எடுங்கள், அடியில் மண் தங்கியிருக்கும். கடைசி ஸ்பூனை விட்டுவிடுங்கள். காளானை நறுக்கிக் காயோடு சேர்க்கலாம்.

சாஸ் கிண்ணம்: அந்தக் காளான் தண்ணீர் 120 மி.லி., சோயா 1 டேபிள்ஸ்பூன், சர்க்கரை ஒன்றரை டீஸ்பூன், தக்காளி பேஸ்ட் 1 டீஸ்பூன், வெள்ளை மிளகுத்தூள் கால் டீஸ்பூன், கார்ன்ஃப்ளார் ஒன்றரை டீஸ்பூன். எல்லாம் குளிர்ந்த நிலையில் கலக்க வேண்டும். அரிசி வினிகர் 2 டீஸ்பூனைத் தனியாக வையுங்கள், அது அடுப்பை அணைத்த பிறகுதான். தக்காளி பேஸ்ட் தெரியாத அளவுக்கே இருக்கும், ஆனால் அதை விட்டால் சாஸ் மொட்டையாக இருக்கும்.

கோழியை மெல்லியதாக நறுக்கி, சோயா 1 டீஸ்பூன், கார்ன்ஃப்ளார் 1 டீஸ்பூன், தண்ணீர் 1 டேபிள்ஸ்பூன் சேர்த்துப் பிசறி 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். துண்டின் மேல் ஒட்டும் அந்த மாவுப் படலம்தான் சாஸைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் குறைந்த சாஸே நிறையத் தெரியும்.

எண்ணெயை அடியோடு எடுக்காதீர்கள். பூண்டு, இஞ்சி, மிளகாயின் வாசனையில் பெரும்பகுதி கொழுப்பில்தான் கரையும். 2 டீஸ்பூன் எண்ணெய் போதும்: ஒன்று கோழிக்கு, ஒன்று இஞ்சி பூண்டுக்கு. இறக்கியதும் வறுத்த எள் எண்ணெய் அரை டீஸ்பூன். வறுக்காத எள்ளில் ஆட்டிய நல்லெண்ணெய் அந்த வேலைக்கு ஆகாது, மணம் வேறு.

மொத்தம் 170 கலோரி சுமார், ஆளுக்கு 85. சோடியம் ஆளுக்கு 600 மி.கி.

மாவுக்கரண்டி:

இரும்புச்சட்டி சொன்ன அளவு சரி. குளம் கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக, ஏனென்றால் பெரும்பாலும் தப்பு சாஸில் இருக்காது, காயில் இருக்கும்.

வீட்டு அடுப்பில் 400 கிராம் காயை ஒரே தடவையில் கொட்டினால் சட்டியின் சூடு விழுந்துவிடும். காய் வதங்காமல் தன் தண்ணீரிலேயே வேகும். இரண்டு ஈடாகப் போடுங்கள். காளானை முதலில், உப்பில்லாமல், காய்ந்த சட்டியில் போட்டுத் தண்ணீர் வற்றி ஓரம் சிவக்கும்வரை விடுங்கள். ப்ரோக்கோலியையும் கேரட்டையும் கொதிநீரில் 1 நிமிடம் போட்டு எடுத்து, துணியில் பரப்பி ஈரம் போக்குங்கள். எண்ணெய் குறைவாகப் போட்டு வதக்குவதற்கு இதுதான் வழி. இல்லாவிட்டால் கேரட் வேகும் முன்பே பூண்டு கருகும். காயில் தனியாக உப்பே வேண்டாம்.

இனி மாவு. கார்ன்ஃப்ளார் அடியில் போய் உட்காரும், ஊற்றும் நொடியில் கிண்ணத்தை மறுபடி கலக்க வேண்டும். கலக்காமல் ஊற்றினால் முதலில் வெறும் தண்ணீர், கடைசியில் கட்டி. சாஸைச் சட்டியின் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள். சுடும் இரும்பில் பட்டுச் சோயா சீறும்போது வருகிற மணம் நடுவில் ஊற்றினால் வராது.

ஊற்றியதும் பால்போல் கலங்கலாக இருக்கும். நுரை சின்னச் சின்னதாக வேகமாகக் கிளம்பும். அரை நிமிடத்தில் கலங்கல் போய்க் கண்ணாடி மாதிரி பளபளக்கும், குமிழி பெரிதாகி மெதுவாக வெடிக்கும். அங்கிருந்து இன்னொரு 20, 30 வினாடி, அவ்வளவுதான். பளபளப்பு வருமுன் இறக்கினால் பச்சை மாவு வாடை. நாலைந்து நிமிடம் கொதிக்கவிட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் கட்டிய சாஸ் உடைந்து மறுபடி இளகும். புளிப்போடு சேர்ந்து கொதித்தால் இன்னும் சீக்கிரம் இளகும், வினிகரைக் கடைசியில் ஊற்றச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று: நக்கிப் பார்த்த ஸ்பூனைத் திரும்பச் சட்டியில் விடாதீர்கள். எச்சிலில் உள்ள நொதி மாவைக் கரைத்துவிடும். மிச்சம் வைத்த சாஸ் மறுநாள் தண்ணியாகிக் கிடப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

மாவே வேண்டாம் என்பவர்கள் சாந்தன் கம் (சாஸைக் கெட்டிப்படுத்தும் ஒரு தூள்) போடலாம். 1 கப் திரவத்துக்கு எட்டில் ஒரு பங்கு டீஸ்பூன், அதற்கு மேல் போனால் வழவழவென்று மூக்குச்சளி பதம். நேராகத் தண்ணீரில் தூவினால் கட்டி கட்டியாகும். சர்க்கரையோடு கலந்துவிட்டுத் தூவுங்கள். என்னைக் கேட்டால் 25 கலோரியை மிச்சம் பிடிக்க இந்த வம்பு தேவையில்லை.

எலுமிச்சைத்தோல்:

ஸ்டீவியா கசப்புக்கு: அளவைப் பாதியாக்கி, மீதியை உண்மையான சர்க்கரையில் போடுங்கள். முழுக்க மாற்றினால்தான் கசப்பு மேலே வரும். மற்ற சர்க்கரை மாற்றுகளில், அஸ்பார்டேம் வகை சூட்டில் சிதைந்து இனிப்பை இழக்கும், அடுப்பில் வேண்டாம். எரித்ரிட்டால் வாயில் குளிர்ச்சியாக இருக்கும், காரச் சாஸில் அது பொருந்தாது. இவை எதுவும் சர்க்கரைபோல் சிவந்து பளபளப்புத் தராது. 1 டீஸ்பூன் சர்க்கரை 16 கலோரிதான், அதற்கு இவ்வளவு பயம் ஏன்?

சோயா வாங்கும்போது "லைட்" என்ற பெயரைப் பார்த்து உப்பு குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். அது நிறத்தைச் சொல்வது. டார்க் சோயாவைவிட லைட் சோயா பெரும்பாலும் உப்புக் கூடுதலாகவே இருக்கும். சோடியம் குறைத்தது என்று தெளிவாக எழுதியிருப்பதை எடுங்கள், 1 டேபிள்ஸ்பூனுக்கு 500–600 மி.கி. இருக்கும். அரிசி வினிகரிலும் "சீசன்டு" என்று போட்டால் சர்க்கரையும் உப்பும் கலந்தது.

அஜினோமோட்டோ போடத் தயங்காதவர் என்றால் ஒரு சிட்டிகை நல்ல வழி. சம எடை உப்பில் உள்ள சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அதில் இருக்கிறது, சோயாவை இன்னும் குறைக்கலாம். காளான் தண்ணீரோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும், அதனால் சிட்டிகையைத் தாண்ட வேண்டாம்.

ருசி மாற்றிப் பார்க்க இரண்டு வழி, அடிப்படை மேலே சொன்னதுதான்:

ஆரஞ்சு–இஞ்சி: சர்க்கரையை விட்டுவிட்டு 100 மி.லி. ஆரஞ்சுச் சாற்றைத் தனியாகப் பாதியாக வற்றவிட்டுச் சேர்க்கவும் (45 கலோரி), காளான் தண்ணீரை 70 மி.லி. ஆக்கவும். துருவிய தோல் அரை டீஸ்பூன் கடைசியில். வெள்ளைப்பகுதி வந்தால் கசக்கும்.

வேர்க்கடலை: பீனட் பட்டர் 1 டேபிள்ஸ்பூன் 95 கலோரி. எண்ணெய் நீக்கிய கடலைத்தூள் 2 டேபிள்ஸ்பூன் போட்டால் 50 அல்லது 60-தான் வரும். தூளே கெட்டிப்படுத்தும், சாஸ் கிண்ணத்துக் கார்ன்ஃப்ளாரைப் பாதியாக்குங்கள். அடி பிடிக்கும், தீ குறைவாக.

பச்சைமிளகாய்:

மூவருக்கும் நன்றி. ஒரு கேள்வி மட்டும்: ஒரு வாரத்துக்குச் சேர்த்துச் செய்து வைக்கலாமா? பூண்டையும் அதிலேயே போட்டுவிடலாமா?

மாவுக்கரண்டி:

கார்ன்ஃப்ளார், வினிகர், பூண்டு மூன்றையும் விட்டு மற்றதை மட்டும் கலந்து, ஒரு கொதி விட்டு ஆற வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், 4 நாள். அதற்கு மேல் என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில். மாவு சேர்த்துக் கட்டிய சாஸை உறைய வைத்தால் உருகும்போது தண்ணீர் பிரிந்து பஞ்சுபோல் ஆகும், அதனால் மாவைச் சமைக்கும் அன்றைக்கு மட்டும்.

பூண்டை அன்றன்று நசுக்குங்கள். மணம் போவது ஒருபுறம் இருக்கட்டும், பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியில் வைப்பது பாட்டுலிசம் (உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சு) வரக்கூடிய ஆபத்து. ஐஸ் கட்டி ஒன்று எத்தனை மி.லி. என்று ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டால் மாவு கணக்கு சுலபம்: ஒவ்வொரு 100 மி.லி.க்கும் ஒன்றேகால் டீஸ்பூன் கார்ன்ஃப்ளார், 2 டீஸ்பூன் குளிர்ந்த தண்ணீரில் கரைத்தது.