43 இன்ச் டிவியில் டிடிபி வேலை: சிவப்புத் திருத்தம் மட்டும் கலங்கலா தெரியுது

அச்சுமேசை (சிவகாசி):
வணக்கம். வீட்டிலிருந்தே டிடிபி பண்றேன். காலண்டர், டைரி சீசன் முடிஞ்சா புத்தக வேலைதான். பழைய மானிட்டர் போயிடுச்சு, ஹாலில் சும்மா கிடந்த 43 இன்ச் 4கே எல்இடி டிவியை எச்டிஎம்ஐ கேபிள் போட்டு மேசையில வெச்சுட்டேன். எதிரெதிர்ப் பக்கம் ரெண்டும் முழு அளவுல தெரியுது, இனி சின்ன திரைக்குப் போக மனசில்லை.

ஆனா டாஸ்க்பார் பாதி திரைக்குக் கீழே போயிடுது. மவுஸ் இழுக்குது. பெரிய தலைவலி வேற: கருப்பு எழுத்து பரவாயில்ல, வேர்டுல ஆசிரியர் போட்டு அனுப்புற சிவப்புத் திருத்தம் மட்டும் ஈரத்தாள்ல மை ஊறின மாதிரி இருக்கு. 'க்' மேல புள்ளி இருக்கா இல்லையான்னே தெரியல. ஒற்று மிகுமா மிகாதான்னு பார்க்கிறதுதானே என் வேலையே! கணினி 6ஆம் தலைமுறை ஐ5, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

வயர்கட்டு:
சிவப்பு மட்டும் கலங்குதுன்னு சொன்னதுலயே பாதி பதில் வந்துடுச்சு மேடம். வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி காட்டிட்டு, நிறத்தை மட்டும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பொதுவா வைக்கிறது டிவியோட வழக்கம். 4:2:0ன்னா நாலு புள்ளிக்கு ஒரே நிறம். சினிமாவுக்கு அது போதும், மெல்லிசான சிவப்பு எழுத்துக்குப் போதாது. உங்களுக்கு வேண்டியது 4:4:4, அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம். இன்புட் பட்டியல்ல அந்த எச்டிஎம்ஐயோட ஐகானை அல்லது பேரை 'பிசி'ன்னு மாத்துங்க. சாம்சங், எல்ஜி ரெண்டுலயும் இப்படித்தான். ஷார்ப்னெஸையும் நல்லா குறைங்க, எழுத்தைச் சுத்தி வர்ற வெள்ளைக் கோடு போயிடும்.

டாஸ்க்பார் வெட்டுப்படுறது ஓவர்ஸ்கேன், அதாவது டிவி படத்தைக் கொஞ்சம் பெருசாக்கி ஓரத்தை வெட்டிடுறது, பழைய குழாய் டிவி காலத்துப் பழக்கம். படத்தோட அளவு மெனுவுல 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஃபிட் டு ஸ்கிரீன்'னு ஏதாவது இருக்கும்.

மவுஸ் இழுக்கக் காரணம் உங்க கணினியோட மதர்போர்டு. அதுல இருக்கிற எச்டிஎம்ஐ 1.4ல 4கே 30 ஹெர்ட்ஸ்தான் வரும், அதாவது விநாடிக்கு 30 தடவைதான் படம் மாறும். மதர்போர்டுல டிஸ்ப்ளேபோர்ட்னு இன்னொரு திரை இணைப்பு இருந்தா, அதிலிருந்து எச்டிஎம்ஐ 2.0க்கு மாத்துற ஆக்டிவ் அடாப்டர் வாங்குங்க, 60 கிடைக்கும். 'ஆக்டிவ்'னு கேட்டு வாங்குங்க, கடையில சாதா அடாப்டரை எடுத்துக் குடுத்துடுவாங்க.

கண்ணாடிக்காரன்:
எதுக்கு இந்தப் பாடு? 27 இன்ச் மானிட்டர் வாங்கிடுங்க. மேசைமேல 43 இன்ச் வெச்சா கழுத்து திரும்பித் திரும்பியே வலிக்கும்.

வயர்கட்டு:
கழுத்து விஷயம் உண்மைதான், சுவத்துல மாட்டி மூணடி தள்ளி உட்காரணும். ஆனா 43 இன்ச் 4கேயில ஒரு இன்ச்சுக்கு 102 புள்ளி, 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர்ல 92தான். எழுத்துக்கு இது ஒண்ணும் மட்டமில்ல. 32 இன்ச் எச்டி ரெடி டிவியா இருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன், அதுல 50கூட வராது.

அச்சுமேசை:
'பிசி'ன்னு மாத்தின உடனே புள்ளி தனியா நின்னுச்சு அண்ணா! டாஸ்க்பாரும் மேல வந்துடுச்சு. அடாப்டர் மாட்டினதும் மவுஸ் சரி, ஆனா சிவப்பு திரும்பவும் கலங்குது.

வயர்கட்டு:
60க்குப் போனதும் சிக்னல் இடம் போதாம 4:2:0க்கு இறங்கியிருக்கும். டிவி செட்டிங்ல அந்த எச்டிஎம்ஐ இணைப்புக்கு 'டீப் கலர்' அல்லது 'இன்புட் சிக்னல் பிளஸ்' ஆன் பண்ணுங்க. கேபிள் விநாடிக்கு 18 ஜிகாபிட் தாங்கணும்.

அச்சுமேசை:
ஆன் பண்ணிட்டேன், இப்ப தெளிவு. கணினி தூங்கினா டிவி தூங்காம 'சிக்னல் இல்லை'ன்னு காட்டிக்கிட்டே இருக்கே, அதுக்கு?

வயர்கட்டு:
அதுக்கு ரிமோட்தான். பக்கத்துலயே வெச்சுக்கோங்க.