பெரிய மாமாவும் பரணில் கிடைத்த சிடியும்: எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு சனிக்கிழமை

குழு: ராஜபாளையம் வீடு

*சனி, காலை 9.12*

பெரிய மாமா: மாப்பிள்ளை, பரணைச் சுத்தம் செய்தபோது பழைய சிடிப் பெட்டி கிடைத்தது. 90களில் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாகக் கொடுத்த சிடி ஒன்றில் கமாண்டர் கீன் என்ற கேம் இருக்கிறது. பேரன் அடுத்த வாரம் லீவுக்கு வருகிறான், போட்டுக் காட்டலாம் என்று ஆசை.

பெரிய மாமா: லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லை. சின்னவன் வீட்டு டெஸ்க்டாப்பில் போட்டு, பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். கிளிக் செய்தால் இப்படி வருகிறது.

பெரிய மாமா: [படம்]

நான்: பார்த்தேன் மாமா. சிடியில் கோளாறு இல்லை. கீன் 1990இல், அந்தக் காலத்து டாஸ் கம்ப்யூட்டர்களுக்காக எழுதிய 16 பிட் புரோகிராம். உங்களுடையது 64 பிட் விண்டோஸ். அது 16 பிட் புரோகிராமை நேரடியாக ஓட்டாது. நடுவில் ஓர் எமுலேட்டர் வேண்டும்.

அத்தை: அப்படியென்றால் என்ன? வைரஸ் ஏதும் வந்துவிடாதே?

நான்: வராது அத்தை. பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு புரோகிராம், அவ்வளவுதான். பெயர் டாஸ்பாக்ஸ். 2002இல் வந்தது, இலவசம். கேமோ, தான் அந்தக் காலத்து 386, 486 கம்ப்யூட்டரில்தான் ஓடுவதாக நினைத்துக்கொள்ளும்.

அத்தான்: அப்பா, ரொம்பச் சுலபம். டாஸ்பாக்ஸ் போட்டுத் திறங்கள். மவுண்ட் சி என்று அடித்து, ஃபோல்டர் இருக்கிற இடத்தைக் கொடுங்கள். அப்புறம் சி கோலன். அப்புறம் சிடி அடித்து ஃபோல்டர் பெயர். அப்புறம் கீன்1. வேகம் சரியில்லை என்றால் கான்ஃபிக் கோப்பில் சைக்கிள்ஸ் மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

பெரிய மாமா: சிடியைச் சின்னவன் வீட்டிலேயே விட்டுவிட்டேனே. போய் எடுத்து வரவா?

அக்கா: மாமா, அவர் சொல்வது அந்த சிடி இல்லை. ஃபோல்டருக்குள் போவதற்கு அடிக்கிற கட்டளை.

*காலை 10.05*

பெரிய மாமா: டாஸ்பாக்ஸ் தேடினேன். ஒரு பக்கத்தில் டவுன்லோடு என்று மூன்று பச்சைப் பொத்தான்கள். எதை அமுக்க?

நான்: ஒன்றையும் அமுக்காதீர்கள் மாமா. அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். டாஸ்பாக்ஸ் டாட் காம் என்று நேராக மேலே அடித்துப் போங்கள், அதுதான் அவர்களுடைய சொந்தத் தளம்.

பெரிய மாமா: சரி, போட்டாயிற்று. திறந்தால் கறுப்பாக ஒரு பெட்டி. இசட், ஒரு கோலன், ஒரு கோடு, பக்கத்தில் சின்னதாக ஒன்று மினுக்குகிறது. கூடவே இன்னொரு பெட்டியும் திறந்திருக்கிறது.

அத்தான்: அங்கேதான் மவுண்ட் அடிக்க வேண்டும்.

பெரிய மாமா: அடித்தேன். ஏதோ இல்லை என்கிறது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

நான்: அத்தான், தப்பாக நினைக்காதீர்கள். புதிதாக வருகிற பாதிப் பேர் இந்த இடத்தோடு போய்விடுகிறார்கள். கேம் விளையாட வந்தவருக்கு முதலில் காட்டுவது வெறும் இசட் கோலன். இனி என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் திரையில் அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி இல்லை.

அத்தான்: நாமெல்லாம் அப்படித்தானே கற்றுக்கொண்டோம்?

நான்: நமக்குப் பக்கத்தில் சொல்லித்தர ஆள் இருந்தார்கள் அத்தான், கம்ப்யூட்டர் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார நேரமும் இருந்தது. மாமா தனியாக உட்கார்ந்திருக்கிறார். முதல் தடவை உட்காரும்போதே கேம் திரையில் ஓட வேண்டும். ஃபோல்டரை டாஸ்பாக்ஸுக்குக் காட்டிக்கொடுக்கிற அந்த மவுண்ட் கட்டளை, கான்ஃபிக் எல்லாம் அதற்குப் பிறகு, ஆசை வந்தால் கற்றுக்கொள்ளட்டும்.

நான்: ஜிஓஜி என்று போலந்துக் கடை ஒன்று 2008இல் இருந்து பழைய கேம்களை இணையத்தில் விற்கிறது. அவர்கள் விற்கும் டாஸ் கேம்கள் பலவற்றுக்குள் இருப்பது இதே டாஸ்பாக்ஸ்தான். வாங்குகிறவர் டெஸ்க்டாப்பில் ஐகானைக் கிளிக் செய்கிறார், விளையாடுகிறார். மவுண்ட் என்ற சொல்லே அவர் கண்ணில் படுவதில்லை. யாரோ ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து எல்லாம் அமைத்து வைத்திருக்கிறார். நம் வீட்டில் அந்த ஆளாக நாம் இருக்கலாமே.

அக்கா: இது நியாயம்.

அத்தான்: சரி, நீயே சொல்லு. நான் கவனிக்கிறேன்.

*காலை 10.31*

நான்: மாமா, இரண்டு பெட்டியையும் மூடுங்கள். கேம் ஃபோல்டரைத் திறந்தால் கீன்1 என்று ஒரு கோப்பு, இஎக்ஸ்இ வகை. அதை மவுஸால் பிடித்து இழுத்து, டெஸ்க்டாப்பில் இருக்கிற டாஸ்பாக்ஸ் ஐகான் மேல் விடுங்கள். எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம்.

பெரிய மாமா: விட்டேன். மறுபடியும் கறுப்புப் பெட்டிதான்.

நான்: ஃபோல்டருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

பெரிய மாமா: "பேரன் கேம்".

நான்: தமிழிலா?

பெரிய மாமா: ஆமாம், தமிழில்தான்.

நான்: அதுதான் காரணம். டாஸ் காலத்தில் தமிழ் எழுத்து கிடையாது, டாஸ்பாக்ஸுக்கும் அந்தப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகத்தான் தெரியும். சி டிரைவில் நேரடியாக ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் போடுங்கள். எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல். "கேம்ஸ்" என்று ஆங்கிலத்தில் போதும். அதற்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, மறுபடி இழுத்து விடுங்கள்.

அத்தான்: இது எனக்கே தோன்றவில்லை. நல்லவேளை, பெயரைக் கேட்டாய்.

பெரிய மாமா: வந்துவிட்டது!!! மஞ்சள் ஹெல்மெட் பையன்!!!

பெரிய மாமா: [படம்]

சித்தி: அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே இப்போது 😀

பெரிய மாமா: பீப் பீப் என்று மட்டும் சத்தம் வருகிறது. பாட்டு இல்லை. ஸ்பீக்கர் பிரச்சினையா?

நான்: இல்லை மாமா, கீன் முதல் பாகத்தின் சத்தமே அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள் இருந்த குட்டி ஸ்பீக்கருக்காகச் செய்தது. உங்களுக்குக் கேட்பது 1990இல் கேட்ட அதே சத்தம்.

பெரிய மாமா: அட ஆமாம்! அதே பீப்!

*காலை 10.52*

பெரிய மாமா: நின்றுவிட்டது. உன் அத்தை அந்த இன்னொரு பெட்டியை, "இது எதற்கு?" என்று மூடினாள். கேமும் சேர்ந்து போய்விட்டது.

அத்தை: சும்மா எழுத்தாக இருந்தது, தேவையில்லை என்று மூடினேன்.

நான்: அத்தை, உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் மூடத்தான் செய்வார்கள். அந்த இரண்டாவது பெட்டி திரையில் வந்திருக்கவே கூடாது. அதை மறைக்க வழி இருக்கிறது. மாலை வீடியோ காலில் வாருங்கள், டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் செய்வோம். டாஸ்பாக்ஸ் இருக்கும் இடம், அடுத்து கேம் இருக்கும் இடம், பின்னால் இரண்டு சொல்: நோகன்சோல், எக்ஸிட். முதலாவது அந்த எழுத்துப் பெட்டியை மறைத்துவிடும். இரண்டாவது, கேமை விட்டு வெளியே வந்ததும் டாஸ்பாக்ஸையும் மூடிவிடும். பேரன் கண்ணுக்கு கீன் படம் போட்ட ஐகான் ஒன்று மட்டும்தான் தெரியும்.

பெரிய மாமா: சரி, மறுபடி திறந்துவிட்டேன். கொஞ்சம் மெதுவாக இழுக்கிறது. வேகம் கூட்ட முடியுமா?

நான்: கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எஃப்12 அழுத்துங்கள். குறைக்க எஃப்11.

அக்கா: மாமா?

அக்கா: மாமா ஆன்லைனில் இல்லையே.

*காலை 11.08*

பெரிய மாமா: எஃப்12 அழுத்தியதும் லேப்டாப்பில் ஃப்ளைட் மோடு ஆகி நெட் போய்விட்டது. இப்போது ஃபோனில் இருந்து அனுப்புகிறேன்.

அத்தான்: சில லேப்டாப்பில் அந்த வரிசை விசைகளுக்கு வேறு வேலை கொடுத்திருப்பார்கள் அப்பா. கீழே இடது மூலையில் எஃப்என் என்று ஒரு விசை இருக்கும். அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள்.

பெரிய மாமா: வேகம் ஏறிவிட்டது. மகனே, இது நல்ல யோசனை.

அக்கா: தம்பி, ஒன்று கேட்கிறேன். இதை எங்கள் பள்ளி கம்ப்யூட்டர் லேபில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று தோன்றுகிறது. தமிழில் ஒரே ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதித் தர முடியுமா?

நான்: எழுதலாம் அக்கா. நீங்களே எழுதுங்கள், நான் சரிபார்க்கிறேன். பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல உங்களால்தான் முடியும்.

அக்கா: அப்படியென்றால் என் கருத்து இது. கையேடுகளில் "இதைச் செய்" என்று மட்டும் இருக்கும். செய்த பிறகு திரையில் என்ன தெரியும் என்று இருக்காது. பிள்ளை சரியாகச் செய்துவிட்டு, சரியா என்று தெரியாமல் மறுபடி மறுபடி அமுக்கும். இன்று மாமாவுக்கும் அதேதான். கறுப்புப் பெட்டி வரும், அது கோளாறு இல்லை என்று முன்பே தெரிந்திருந்தால் பயந்திருக்க மாட்டார். அதனால் ஒவ்வொரு வரிக்கும் கீழே திரைப் படம் வைக்கப் போகிறேன்.

நான்: அருமை அக்கா. வெளியே வருவது எப்படி என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். கேம் பெட்டிக்குள் கிளிக் செய்தால் மவுஸ் அம்பு உள்ளே மாட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டரே உறைந்துவிட்டது என்று நினைத்து சுவிட்சை அணைக்கிறவர்கள் உண்டு. கன்ட்ரோல், எஃப்10 சேர்த்து அழுத்தினால் அம்பு வெளியே வரும். ஆல்ட், என்டர் அழுத்தினால் முழுத்திரை, மறுபடி அழுத்தினால் சின்னது. எதுவுமே கேட்காவிட்டால் கன்ட்ரோல், எஃப்9. டாஸ்பாக்ஸ் உடனே மூடிவிடும்.

அத்தான்: சத்தம் பற்றியும் ஒரு வரி சேர்க்கலாம். டூம் என்கிற துப்பாக்கிச் சண்டை கேம் மாதிரி கேம்களில் செட்டப் என்று தனியாக ஒரு புரோகிராம் இருக்கும். என்ன சவுண்ட் கார்டு என்று கேட்கும். சவுண்ட் பிளாஸ்டர், போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுத்தால் போதும். டாஸ்பாக்ஸ் தானாகவே அந்த எண்களில்தான் இருக்கும்.

அக்கா: எண்களைக் கட்டம் கட்டிப் போட்டுவிடுகிறேன். ஆனால் டூம் ஆறாம் வகுப்புக்கு வேண்டாம்.

பெரிய மாமா: கீன் போதும் அம்மா. எட்டு வயதுப் பையன் பழைய சூப் டப்பாவை வைத்து ராக்கெட் கட்டி, அண்ணனுடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு செவ்வாய்க்குப் போகிற கதை. பேரனுக்கும் எட்டு வயது. ராக்கெட்டின் நான்கு பாகங்களைத் திருடிவிடுவார்கள், தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் ஒன்று வீட்டு வேக்வம் கிளீனர்!

*மதியம் 1.40*

சின்ன மாமா: இப்போதுதான் எல்லாம் படித்தேன். பஜாரில் ஒருவர் ஆயிரம் கேம் ஏற்றிய பென்டிரைவ் விற்கிறார். அதை வாங்கினால் இந்தப் பாடே வேண்டாமே?

நான்: வேண்டாம் மாமா. அந்தக் கேம்களை விற்க அவருக்கு உரிமை கிடையாது, உள்ளே வேறு என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. நம்மிடம் இருப்பது ஷேர்வேர். மூன்று பாகத்தில் முதல் பாகத்தை யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக் கொடுக்கலாம், பிடித்தால் மற்ற இரண்டையும் காசு கொடுத்து வாங்கலாம் என்று அப்போஜி நிறுவனம் வைத்த ஏற்பாடு. பத்திரிகை சிடியில் அது வந்ததும் அப்படித்தான். அக்கா பள்ளியிலும் தயங்காமல் போடலாம்.

சின்ன மாமா: எனக்கு பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கேம்தான் பிடிக்கும். அறுபது நிமிடத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். முதல் கட்டம் முடிந்ததும் புத்தகத்தைப் பார்த்து ஓர் எழுத்து சொல்லச் சொல்லும், எங்களிடம் புத்தகம் கிடையாது. எழுத்துக்கு ஒரு குப்பி இருக்கும், ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்ப்போம்.

நான்: அதற்கு எதையும் இன்ஸ்டால்கூடச் செய்ய வேண்டாம் மாமா. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் 2015 ஜனவரியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ் கேம்களை பிரவுசரிலேயே விளையாடுகிற மாதிரி வைத்தது, பிரின்ஸும் அதில் உண்டு. உள்ளே ஓடுவது டாஸ்பாக்ஸ்தான், பிரவுசருக்கு ஏற்ற மாதிரி மாற்றியது. புதியவருக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. ஒரே குறை, பக்கத்தை மூடினால் சேமித்த ஆட்டம் போய்விடும். பெரிய மாமா லேப்டாப்பில் அப்படி இல்லை, அவர் ஃபோல்டரிலேயே பத்திரமாக இருக்கும்.

மதினி: மாமாவின் லேப்டாப்பைப் பேரன் விடவே மாட்டான். என் ஃபோனில் போட முடியுமா?

நான்: முடியும் மதினி. ரெட்ரோஆர்ச் என்று ஓர் ஆப். அதன் மெனுவைப் பார்த்தால் தலை சுற்றும், அதற்காக விட்டுவிடாதீர்கள். அதற்குள் டாஸ்பாக்ஸ் ப்யூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. 2020இல் வந்தது. புதியவரை மனதில் வைத்தே செய்திருக்கிறார்கள். கேமை ஜிப் கோப்பாகவே கொடுக்கலாம், பிரிக்க வேண்டாம். உள்ளே எந்தெந்த புரோகிராம் இருக்கிறது என்று அதுவே பட்டியல் காட்டும், தொட்டால் ஓடும். திரையிலேயே விசைப்பலகையும் வரும். சேமித்ததெல்லாம் தனிக் கோப்பில் போகும், அதனால் மூல ஜிப் கெடாது. முதல் தடவை அத்தான் அமைத்துக் கொடுக்கட்டும்.

அத்தான்: இன்று இரவே செய்துவிடுகிறேன்.

சித்தி: தாவுகிற கேம் என் விரலுக்கு ஒத்துவராது. நிதானமாகக் கதை படிக்கிற மாதிரி ஏதாவது உண்டா?

நான்: உண்டு சித்தி. பினீத் எ ஸ்டீல் ஸ்கை. 1994இல் வந்தது, 2003இல் இலவசமாக விட்டுவிட்டார்கள். மவுஸ் போதும், பெரும்பாலும் நிதானமாக விளையாடலாம். அதற்கு ஸ்கம்விஎம் என்று வேறு புரோகிராம், கேமும் ஸ்கம்விஎம் தளத்திலேயே கிடைக்கும். "ஆட் கேம்" அழுத்தி ஃபோல்டரைக் காட்டினால், இது இன்ன கேம் என்று அதுவே கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். எல்லா எமுலேட்டரும் இப்படி இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சித்தி: ஆங்கிலம் நிறைய இருக்குமோ?

நான்: இருக்கும். பக்கத்தில் அக்காவை வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா: நான் வருகிறேன் சித்தி. அந்தச் சாக்கில் என் குறிப்பையும் உங்கள் லேப்டாப்பில் சோதித்துப் பார்க்கிறேன். நான் வாயைத் திறக்க மாட்டேன், தாளை மட்டும் பார்த்து நீங்களே செய்யுங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்த வரியை மாற்றி எழுதுகிறேன்.

சித்தி: ஞாயிறு காலை வா. பணியாரம் சுடுகிறேன்.

பெரிய மாமா: ஷார்ட்கட் வேலைக்கு ஆறு மணிக்குக் கூப்பிடு மாப்பிள்ளை. அதற்குள் செவ்வாயில் இன்னும் ஒரு பாகம் தேடிவிடுகிறேன்.