பழைய பிக்கப்பில் ஏறி இறங்க உட்புறக் கைப்பிடி: எங்கே வைப்பது, எதில் பிடிப்பது?

நீலவண்டி எழுதியது:

வணக்கம். என்னுடையது 1990களின் தொடக்கத்தில் வந்த ஒற்றைக் கேபின் பிக்கப். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வகை. எஞ்சின் நன்றாக ஓடுகிறது, சேஸியில் துரு இல்லை, விற்கும் எண்ணமும் இல்லை. சிக்கல் அதன் உயரம்தான்.

அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு முழங்கால் சரியாக மடங்குவதில்லை. ஏறும்போது கதவின் உட்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு உடலைத் தூக்குகிறார். கதவோ அவரோடு சேர்ந்து வெளியே நகர்கிறது. இறங்கும்போது டாஷ்போர்டின் விளிம்பில் விரல்களை ஊன்றுகிறார். அது வழவழப்பான பிளாஸ்டிக். பிடிமானம் என்று எதுவும் இல்லை. பார்க்கும்போதே எனக்கு நெஞ்சு பதறுகிறது. இந்த வண்டியில் பயணி பக்கத்துக்குக்கூட கைப்பிடி வைக்காமல் அனுப்பியிருக்கிறார்கள்.

பயணி பக்கத்து முன் பில்லரின், அதாவது முன்கண்ணாடி ஓரமாகக் கூரையைத் தாங்கும் தூணின், பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே தகடு ஒரு பெட்டியைப் போல மடிக்கப்பட்டிருக்கிறது, நடுநடுவே நீள்வட்டத் திறப்புகள். கூரை விளக்குக்குப் போகும் ஒயர்க்கட்டு அதன் வழியாகத்தான் ஏறுகிறது. ஏற்கெனவே வெல்டிங் செய்த நட் எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு பட்டறையில் கேட்டதற்கு, “நான்கு தகர ஸ்க்ரூ போட்டால் போதும்” என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கைப்பிடியை எங்கே வைப்பது? எதைக் கொண்டு பிடிப்பது? சீட் பெல்ட்டின் மேல் போல்ட் நல்ல கனமாக இருக்கிறதே, அதிலேயே ஒரு கைப்பிடியைச் சேர்த்து மாட்டலாமா? வண்டியின் மேல் வெல்டிங் வேண்டாம், பெயின்ட் அசல்.

தகடும்ஆணியும் எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். பெல்ட் நுழைந்து வரும் அந்த வளையம் தடையில்லாமல் சுழல வேண்டும். நடுவே ஒரு கைப்பிடியைச் செருகினால் வளையம் இறுகும், அல்லது தகட்டை விட்டு விலகி நிற்கும். விலகி நின்றால், விபத்தில் வரும் இழுப்பு போல்ட்டை வளைக்கப் பார்க்கும். அந்த மரையும் தனி வகை; பெரும்பாலான வண்டிகளில் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. கையில் கிடைத்த மெட்ரிக் போல்ட்டை அதில் ஏற்றினால் மரை போய்விடும். பெல்ட்டுக்கு என்று விட்ட இடம் பெல்ட்டுக்கே.

தகர ஸ்க்ரூ விஷயத்தில் உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். காரணத்தை விரலால் தொட்டுப் பார்க்கலாம். 4.8 மி.மீ தகர ஸ்க்ரூவில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.6 மி.மீ. கேபின் தகடு பல இடங்களில் 0.8 மி.மீ அளவில்தான் இருக்கும். அதாவது, அரைச் சுற்று மரைதான் தகட்டைக் கவ்வுகிறது. முதல் நாள் கல்லாக இருக்கும். உங்கள் அம்மா ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் துளை கொஞ்சம் கொஞ்சமாக அகலும். பிறகு ஒருநாள் முழுப் பாரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும், அதுவும் அவர் ஒற்றைக் காலில் நிற்கும் நேரமாகப் பார்த்து.

போல்ட் பலமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 8.8 என்ற வலிமைத் தரத்து எம்6 (6 மி.மீ குறுக்களவு) போல்ட் ஒன்று நேர் இழுப்பில் ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். போல்ட் அறுந்து கைப்பிடி விழுவது அபூர்வம். தகடு கிழிந்துதான் விழும். ஆகவே கைப்பிடியின் தடிமனை விட அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதில் காசையும் நேரத்தையும் போடுங்கள்.

நீள்வட்டத் திறப்புகள் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். 3 மி.மீ தடிமனில், இரண்டு விரல் அகலத்தில் ஓர் இரும்புப் பட்டையை எடுங்கள். கைப்பிடியின் இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஒரே பட்டை. நீளம் இரு பக்கமும் கொஞ்சம் தாண்டி இருக்கட்டும். கைப்பிடித் துளைகளுக்கு நேராகப் பட்டையில் துளையிட்டு, பின்புறம் எம்8 நட்டுகளை வைத்து மேசையிலேயே வெல்டிங் செய்துகொள்ளுங்கள். வண்டியின் மேல் நெருப்புப் படவே வேண்டாம். பட்டை பில்லரின் வளைவுக்கு ஒத்துப்போகும்படி லேசாக வளைக்க வேண்டியிருக்கும். பிறகு, நட் துளையில் ஒரு மெல்லிய கம்பியைக் கோத்து, அந்தக் கம்பியின் மறுமுனையை நீங்கள் போட்ட புதிய துளை வழியாக வெளியே எடுத்துக்கொண்டு, பட்டையைத் திறப்புக்குள் விடுங்கள். கம்பியை இழுத்தால் பட்டை தன் இடத்துக்கு வந்து நிற்கும். ஒரு போல்ட்டை இரண்டு சுற்று ஏற்றிவிட்டால் மீதி எளிது.

திறப்பு சிறியதாக இருந்து பட்டை நுழையாவிட்டால் அடுத்த வழி ரிவெட் நட், அதாவது வெளியிலிருந்தே துளையில் செருகி இறுக்கினால் தகட்டைக் கவ்விக்கொள்ளும் மரையுள்ள நட். அலுமினியம் வேண்டாம், எஃகில் வாங்குங்கள். உடல் அறுகோணமாக இருந்தால் இறுக்கும்போது சுழலாது. எம்8 வட்ட ரிவெட் நட்டுக்குப் பொதுவாக 11 மி.மீ துளை வேண்டும். உங்கள் தகட்டின் தடிமனுக்கு உரியதா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். ஆனாலும், பட்டை நுழையும் இடத்தில் ரிவெட் நட்டுக்கு இறங்காதீர்கள். பட்டை பாரத்தைப் பரப்பும். ரிவெட் நட்டால் அது முடியாது.

துளையிடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். ஒயர்க்கட்டை ஓரமாக இழுத்துக் கட்டுங்கள். சில வண்டிகளில் ஆன்டெனா ஒயரும் அங்கேதான் ஓடும். ட்ரில் பிட்டின் மேல் ஒரு குழாய்த் துண்டைச் செருகி, நுனி மட்டும் சில மி.மீ வெளியே தெரியும்படி விடுங்கள். உள்தகடு திறந்ததும் ட்ரில் பாய்ந்து வெளித்தகட்டைக் குத்தாமல் அந்தக் குழாய் தடுக்கும். உங்கள் அசல் பெயின்ட்டைக் காப்பாற்றப் போவது அதுதான். முன்கண்ணாடி உட்காரும் விளிம்பை விட்டுத் தள்ளியே துளை இருக்கட்டும்.

துளை போட்டதும் உதிரும் இரும்புப் பொடியைக் காந்தத்தால் ஒற்றி எடுங்கள். பில்லரின் அடியில் ஈரத்தோடு கிடந்தால் அதுவே துருவைத் தொடங்கிவைக்கும். வெட்டிய விளிம்புகளுக்கும் பட்டைக்கும் துத்தநாக பிரைமர், அது காய்ந்த பின் உட்குழிவுக்கான மெழுகு. பழைய வண்டியில் புதிய துளை போடுகிறவர் இந்தக் கடனையும் தீர்க்கத்தான் வேண்டும்.

வாசுகி எழுதியது:

நான் இயன்முறை மருத்துவர். தகடு, போல்ட் பற்றி அண்ணன் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. கை எங்கே போகிறது என்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

துளை போடுவதற்கு முன் அம்மாவை வண்டிக்கு அழைத்து வாருங்கள். நீங்கள் அருகில் தாங்கி நில்லுங்கள். ஏறும்போது அவருடைய கை முதலில் எந்த இடத்தை நாடுகிறதோ அங்கே ஒட்டுநாடா ஒட்டுங்கள். இறங்கும்போது மறுபடியும். இரண்டும் ஒரே இடமாக இருக்காது. ஏறுகிறவர் மேலே பற்றி இழுக்கிறார். இறங்குகிறவர் கீழே பற்றி உடலைத் தாங்குகிறார். அதனால் பில்லரோடு செங்குத்தாகப் போகும் நீளமான கைப்பிடிதான் அவருக்கு ஏற்றது. பிடியை விடாமலேயே கையை வழுக்கிக் கீழே கொண்டுவரலாம். கூரை ஓரத்தில் தொங்கும் சிறிய மடக்குப் பிடிகள் வளைவில் ஆடாமல் உட்கார உதவும். ஏறுவதற்கு அவை மிக உயரம். தோள் வலி உள்ளவர்களுக்குக் கொடுமை.

குழாயின் பருமனும் முக்கியம். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கக் கட்டட விதிமுறைகளில், கழிப்பறைக் கைப்பிடியின் குறுக்களவு 32 முதல் 51 மி.மீ வரை இருக்க வேண்டும், சுவருக்கும் பிடிக்கும் இடையே 38 மி.மீ இடைவெளி வேண்டும் என்று இருக்கிறது. வண்டிக்கு அந்த விதி பொருந்தாது, ஆனால் கை அதே கைதானே. மூட்டுவலி உள்ள விரல்களால் மெல்லிய கம்பியை இறுக்கிப் பிடிக்க முடியாது. 32 மி.மீ பக்கம் வரும்படி ரப்பர் உறை போடுங்கள்.

இன்னொன்று. நல்ல கால் முதலில் ஏற வேண்டும், வலிக்கும் கால் முதலில் இறங்க வேண்டும். இதற்கு இரண்டு பாதங்களையும் சேர்த்து வைக்குமளவு அகலமான பக்கப்படி ஒன்று தேவை. படி இல்லாமல் கைப்பிடி மட்டும் வைத்தால், கால் செய்ய வேண்டிய வேலையைத் தோளிடம் கொடுக்கிறீர்கள். செலவுக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் படியைத்தான் சொல்வேன்.

ஒற்றைக்கேபின் எழுதியது:

என் வண்டியும் ஏறத்தாழ அதே வயது. ஒரு விஷயம் பார்த்துவிடுங்கள்: அதே மாடலின் விலை கூடிய ரகத்தில் கைப்பிடி வந்ததா? வந்திருந்தால், உங்கள் வண்டியின் உறைக்குப் பின்னால் நட்டுகளோ, துளைக்கான குறிகளோ ஒளிந்திருக்கக்கூடும். சில நேரம் அவற்றின் மேல் ஒட்டுப்பஞ்சு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. விரலால் அழுத்திப் பாருங்கள். கிடைத்துவிட்டால் பழைய உதிரிபாகக் கடையில் அந்த ரகத்தின் கைப்பிடியையும் உறையையும் சேர்த்தே வாங்கிவிடலாம்.

அதுவரைக்கும், கதவு பூட்டும் கொண்டியில் செருகிப் பிடித்துக்கொள்ளும் கைத்தடி போன்ற பிடிகள் விற்கிறார்கள். அவை வளைய வடிவக் கொண்டிக்குத்தான் பொருந்தும். பழைய பிக்கப்புகள் பலவற்றில் கொண்டி வெறும் உருண்டைத் தண்டாக இருக்கும், அதில் நிற்காது. வாங்கும் முன் கதவைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஓட்டுநர் பக்கத்துக்கும் வைப்பதாக இருந்தால், இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும்போது கைப்பிடி பில்லரின் அகலத்தைத் தாண்டி நீட்டக் கூடாது. பில்லர் ஏற்கெனவே மறைக்கும் இடத்தில் ஒரு நடையாளி முழுதாக மறைந்துவிடுகிறார். அதை இன்னும் அகலமாக்கக் கூடாது.

தகடும்ஆணியும் எழுதியது:

நல்ல குறிப்பு. அதோடு தலையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 201ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி 1995இல் திருத்தப்பட்டு, 1998 செப்டம்பரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பில்லரிலும் கூரை ஓரத்திலும் மணிக்கு 24 கி.மீ வேகத்தில் தலை மாதிரியை மோதிச் சோதிக்க வேண்டும் என்று அது சொன்னது. உங்கள் வண்டி அதற்கு முந்தையது. பில்லரில் மெத்தென்று எதுவும் கிடையாது. அங்கே மேலும் ஒரு வெற்று இரும்பை நீட்டுவது சரியில்லை. தடித்த ரப்பர் உறையும், உட்புறம் மழுங்கிய போல்ட் தலைகளும் கட்டாயம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டியில் முன் பில்லரிலும் கூரை ஓரத்திலும் துளையிடவே கூடாது. பில்லர் உறையில் ஏர்பேக் என்று பொறித்திருந்தால் ட்ரில்லைக் கீழே வைத்துவிடுங்கள்.

நீலவண்டி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. வாசுகி அக்கா சொன்னபடி அம்மாவை அழைத்துவந்து ஒட்டுநாடா ஒட்டிப் பார்த்தேன். நான் மனத்தில் வைத்திருந்த இடத்தை விட அவருடைய கை ஒரு சாண் கீழே போகிறது. இறங்கும்போது டாஷ்போர்டின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே, பில்லரின் அடிப்பகுதியையே தேடுகிறது. நல்லவேளையாக அங்கே ஒரு திறப்பு இருக்கிறது. இரும்புப் பட்டையை அட்டையில் வெட்டி நுழைத்துப் பார்த்தேன், போகிறது. ஒளிந்திருக்கும் நட் எதுவும் இல்லை. பக்கப்படியும் போட்டுவிடுகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். பிளாஸ்டிக் உறையை மீண்டும் மாட்டி அதன் மேல் கைப்பிடியை இறுக்கினால், உறை நசுங்காதா?

தகடும்ஆணியும் எழுதியது:

நசுங்கும். பிளாஸ்டிக் நாளடைவில் அமுங்கிக் கொடுக்கும், போல்ட் தளர்ந்துவிடும். உறையில் போல்ட்டை விடப் பெரிய துளையாகப் போட்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓர் எஃகுக் குழாய்த் துண்டைச் செருகுங்கள். கைப்பிடியின் கால் குழாயில் உட்கார வேண்டும், குழாய் தகட்டில் உட்கார வேண்டும்; உறை நடுவே சும்மா இருக்கட்டும். குழாயின் தகட்டுப் பக்க முனையைப் பில்லரின் சாய்வுக்கு ஏற்ப அரம் போட்டுச் சீவுங்கள். சாய்வாக உட்கார்ந்தால் போல்ட் வளையும்.

எம்8 போல்ட்டை 20 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால் போதும்; மரையில், போல்ட் கழன்றுவிடாமல் பிடிக்கும் நடுத்தர வலிமைப் பசை ஒரு சொட்டு. அம்மா தொடும் முன் நீங்கள் முழு உடல் பாரத்தோடு தொங்கிப் பாருங்கள், முன்னும் பின்னும் உலுக்குங்கள். உறையை மாட்டாமலே முதலில் இதைச் செய்தால் தகடு அசைகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். சில வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள்.