கழறாத ஆயில் ஃபில்டர்: பட்டவர்கள் வந்து சொல்லுங்க

பல்லடத்தான்

பட்டிப்பொங்கல் அன்றைக்கு மத்தியானம். மறுநாள் வெள்ளென குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்ப வேண்டும், வண்டியில் ஆயில் கருத்துக் கிடக்கிறது, ஒர்க்‌ஷாப் எல்லாம் பூட்டு. நாமே மாற்றலாம் என்று இறங்கினேன். ஆயில் வடிந்துவிட்டது. ஃபில்டர்தான் அசையவே இல்லை. பானெட்டைத் திறந்து மேலேயிருந்து கையை விட்டு, பெல்ட் ரென்ச் போட்டு நானும் மச்சானும் மாறி மாறி இழுத்தோம். கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது, அதோடு கல்லாகிவிட்டது.

அப்புறம் எல்லாரும் சொல்கிற அதே வேலை. ராம்ப்பில் ஏற்றி அடியில் படுத்து, பெரிய ஸ்க்ரூ டிரைவரை ஃபில்டரின் குறுக்கே அடித்து இறக்கித் திருப்பினேன். ஃபில்டர் திரும்பவில்லை, தகரம் கிழிந்தது. பால்பவுடர் டின்னைக் கத்தியால் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். உள்ளே மிச்சமிருந்த ஆயில் மணிக்கட்டில் தொடங்கி முழங்கை, அக்குள், பொடனி என்று வெதுவெதுப்பாக, நிதானமாக இறங்கியது. கையை எடுத்தால் முகத்தில் கொட்டும். அப்படியே படுத்துக்கொண்டு "மச்சான், துணி" என்று கத்துகிறேன், அவன் கரும்பு தின்றுகொண்டிருக்கிறான்.

கோயிலுக்கு டவுன் பஸ்ஸில் போனோம். பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் கழித்து வந்த மெக்கானிக், ஃபில்டரில் எஞ்சினோடு ஒட்டுகிற அடித்தட்டின் விளிம்பில் உளியை வைத்துத் தட்டித் தட்டிக் கழற்றினார். "யாருங்க இத்தனை இறுக்குனது?" என்றார். போன தடவை மாட்டிய சர்வீஸ் சென்டரை அன்றைக்கெல்லாம் திட்டினேன். இன்னும் ஆறவில்லை.

கோபி தோட்டத்துக்காரன்

என்னுடையது சின்ன விஷயம்தான். ஃபில்டர் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, கை வழுக்குகிறது, பெல்ட்டும் வழுக்குகிறது. ஒரு மணி நேரம் முக்கினேன். சாளைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்புச்சி எழுந்து வந்து, "தொடச்சயா கண்ணு?" என்றார்.

துடைக்கவில்லை. பனியன் வேஸ்டில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தார். உப்புத்தாளைச் சொரசொரப்பு உள்பக்கம் வரும்படி சுற்றினார். வெறுங்கையில் திருகினார், வந்துவிட்டது. வயது எழுபத்தெட்டு. திரும்பப் போய் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தாலாவது மறந்திருப்பேன்.

கணபதி லேத்

பல்லடத்துத் தம்பி, ஸ்க்ரூ டிரைவர் குத்துவது கடைசி வழிங்க. எடுத்ததும் அதில் இறங்கினால் இப்படித்தான். ஃபில்டர் உடம்பு மெல்லிய தகரம், பாடுபடுவதெல்லாம் அடித்தட்டுதான். பெல்ட்டோ செயினோ எதைப் போட்டாலும் எஞ்சினை ஒட்டி, மடிப்புத் தையல் இருக்கிற பக்கமாகப் போட வேண்டும். அங்கேதான் விறைப்பு. நடுவயிற்றில் போட்டால் டின் நசுங்கும். நுனியில் பட்டை பட்டையாக வெட்டு இருந்தால் அதன் மேல் கவிழ்த்துத் திருகுகிற அளவான கப் ரென்ச் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நூல் பெரிதாக இருந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள், அடித்தட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் வளையம் கொஞ்சம் இளகும்.

கோபிக்காரர் சொன்ன உப்புத்தாள் சரிதான், ஆனால் ரப்பர் வெந்து ஒட்டியிருந்தால் அப்புச்சி வந்தாலும் அசையாது. ஒட்டுவதற்குக் காரணம் மாட்டும்போதே இருக்கிறது. புது ரப்பரில் விரலால் ஆயில் தடவாமல் வறட்டு ரப்பராக மாட்டுவது ஒன்று, ஸ்பேனர் போட்டு இறுக்குவது இன்னொன்று. ரப்பர் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று, பெரும்பாலான வண்டிகளுக்கு அது போதும். டப்பாவிலேயே அச்சடித்திருக்கும், யார் படிக்கிறார்கள்? 1920இல் ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் பஸ் விட்ட சீமைங்க இது. ஒரு தகர டப்பாவுக்கு மெக்கானிக்கைக் கூப்பிடலாமா!

என் கதை கேட்டால், ஒரு தடவை ஃபில்டரோடு சேர்ந்து நடுவிலிருக்கும் மரை ஸ்டட்டும் கழன்று வந்துவிட்டது. திரும்ப ஏற்றினேன். அவ்வளவுதான்.

பொள்ளாச்சி ரோடு

லேத் அண்ணன் முக்கியமானதை விட்டுவிட்டார். கழற்றினால் மட்டும் போதாது, பழைய ரப்பர் கூடவே வந்ததா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, அதன் மேலேயே புதுசை மாட்டிவிட்டேன். வீட்டில் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தபோது ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஆழியாறு போகிற வழியில் ரியர்வியூ கண்ணாடியில் எதேச்சையாகப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ரோட்டில் நூல் பிடித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. முதலில் புதுத் தார் என்றே நினைத்தேன். நான் வளைகிற இடத்தில் அதுவும் வளைகிறது! அப்போதுதான் டேஷ்போர்டில் எண்ணெய்க்குப்பி விளக்கு சிவப்பாக எரிந்தது. சாவியைத் திருப்பி அணைத்து, தென்னந்தோப்பு ஓரமாக உருட்டி நிறுத்தினேன். அந்த விளக்கு எரிந்த பிறகும் "பக்கத்து ஊர் வரை போயிடலாம்" என்று ஓட்டியவர்கள் எஞ்சினையே இறக்கியிருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தால் இரண்டு ரப்பரும் ஒன்றின் மேல் ஒன்று, ஒரு பக்கம் பிதுங்கிக்கொண்டு. இப்போதெல்லாம் விரலை விட்டுத் தடவிப் பார்க்காமல் மாட்டுவதில்லை.

உடுமலை

பல்லடத்தண்ணா, ஒரே ஒரு சந்தேகம். ஃபில்டர் கீழ்நோக்கித் தொங்குகிற வண்டிதானே உங்களுடையது? மேலேயிருந்து கை விட்டபோது எந்தப் பக்கம் திருப்பினீர்கள்?

பல்லடத்தான்

இடப்பக்கம்தான். பாட்டில் மூடி மாதிரி. எல்லா மரையும் அப்படித்தானே?

உடுமலை

மூடி உங்களைப் பார்த்து இருந்தால் அப்படி. நீங்கள் பார்த்தது அதன் முதுகை. ஒரு பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, மேலேயிருந்து பார்த்துக்கொண்டு மூடியைத் திறந்து பாருங்களேன்.

பல்லடத்தான்

பார்த்தேன்.

கொஞ்சம் நகர்ந்தது என்று மேலே எழுதியிருந்தேன் இல்லையா, அது இறுகியதுங்க. நானும் மச்சானும் சேர்ந்து. அந்த சர்வீஸ் சென்டர் பையனை நான் பேசின பேச்சு இருக்கிறதே... சரி விடுங்கள். மச்சான் இந்தப் பக்கம் வந்து படித்தால் யாரும் இதைக் காட்டிக் கொடுக்காதீர்கள், அவன் அம்மாவிடம் சொல்லிவிடுவான்.