நிறை நிறமாலை வேண்டாம், நிறைக்கோலம் போதும்

அனைவருக்கும் வணக்கம்.

கலவையை வளிம நிலையில் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் அதன் துணுக்குகளின் நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி GC-MS. அதற்கு நம் தடயவியல் சொற்பட்டியலில் 'வளிம நிறப்பிரிகை – நிறை நிறமாலைமானி' என்று சேர்த்திருக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதிலுள்ள 'நிறம்'தான் உறுத்துகிறது.

மதுரையில் போதைப்பொருள் வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றமே இருக்கிறது. கஞ்சா என்று சந்தேகப்படும் பொருளுக்குப் பெரும்பாலும் முதலில் செய்வது நிறச் சோதனை. டுகெனாய் கரைசல் என்ற சோதனைக் கரைசலைச் சேர்த்து, அமிலம் விட்டு, குளோரோஃபார்ம் ஊற்றினால் அடியில் ஊதா இறங்கும். சந்தேகம் வலுக்கும், அவ்வளவுதான். வேறு சில தாவரச் சாறுகளும் அதே ஊதாவைக் காட்டக்கூடும். அப்புறம் உறுதிசெய்யத்தான் இந்தக் கருவி வருகிறது. அதன் பெயரிலும் இரண்டு தடவை 'நிறம்' இருந்தால், அறிக்கையைத் தமிழில் வாசிக்கிறவர் இரண்டு சோதனையும் ஒன்றுதான் என்று எண்ணிவிடுவார். ஒருவரின் சிறைவாசம் தொங்கும் இடத்தில் அந்தக் குழப்பம் கூடாது.

கருவிக்குள் நடப்பதில் நிறத்துக்கு வேலையே இல்லை. வெற்றிடத்தில் 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் எலக்ட்ரான் மோதி மூலக்கூறு உடைகிறது. மின்னேற்றம் பெற்ற துணுக்குகள் நிறைவாரியாகப் பிரிகின்றன. 1919இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஆஸ்டன் செய்த கருவியில் அயனிகள் புகைப்படத் தகட்டில் கோடுகளாக விழுந்தன. அவை ஒளி நிறமாலைக் கோடுகளை ஒத்திருந்தன. பெயரும் அந்த வழியில் வந்ததே. அதை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

'நிறை நிறமாலை'க்கு (mass spectrum) என் பரிந்துரை 'நிறைக்கோலம்'. கருவி 'நிறைக்கோலமானி'. உடைந்த பகுதிக்குத் 'துணுக்கு'.

கோலம் என்றால் வாசல்கோலம்தான் நினைவுக்கு வரும் என்று நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மதுரைப் பக்கம் அப்படி இல்லையே! சித்திரையில் அழகர் கள்ளர் திருக்கோலத்தில் புறப்படுகிறார். கோலம் என்றால் தோற்றம், அடையாளம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்தச் சொல் பொருந்துவதைக் கஞ்சாவிலேயே பார்க்கலாம். போதை தரும் டி.ஹெச்.சி.யும் போதை தராத கன்னாபிடையாலும் ஒரே மூலக்கூறு நிறை கொண்டவை: 314. நிறையை மட்டும் பார்த்தால் பிரிக்க முடியாது. உடைந்த துணுக்குகளைப் பார்த்தால், கன்னாபிடையாலில் நிறை 231இல் உள்ள கோடு ஓங்கி நிற்கும், டி.ஹெச்.சி.யில் 299, 314, 231 மூன்றுமே நன்றாகத் தெரியும். கருவியின் முன்பகுதியில் கலவையைப் பிரிக்கும் குழாயை விட்டு வெளிவரும் நேரமும் வேறு. நிறை ஒன்று, கோலம் வேறு.

பெயரின் முன்பாதியான 'வளிம நிறப்பிரிகை'யையும் 'வளிமப் பிரிகை' என்று சுருக்கிவிடலாம். 1900களில் ரஷ்யத் தாவரவியலாளர் ஸ்வெத் இலைச்சாயங்களைப் பிரித்தபோது நிறம் கண்ணுக்குத் தெரிந்தது, சரி. வளிமத்தில் அதுவும் இல்லை. பாடநூலில் ஊறிப்போன 'நிறப்பிரிகை'யைப் பாடநூல் வைத்துக்கொள்ளட்டும். தடயவியல் பட்டியலில் மட்டும் மாற்றுவோம்.

குழாயில் பொருள் தங்கும் காலத்துக்குத் 'தங்குநேரம்' என்று போடலாமா? மாற்று இருந்தால் சொல்லுங்கள், சேர்த்தே முடித்துவிடலாம்.