வடகம் பிரெஞ்சுக்காரன் கொடுத்ததா?

ஓ.டி.வாசி (கடலூர் ஓல்டு டவுன்): "வடகம் புதுச்சேரியோட பிரெஞ்சு மசாலா, 'வடூவான்'னு பேரு, அப்புறம்தான் கடலூருக்குப் போச்சு"ன்னு நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார். படிச்சதிலிருந்து மனசு ஆறல. எங்க வீட்ல தாளிப்பு வடகத்துக்குக் கத்திரி வெயில்ல சின்ன வெங்காயமும் பூண்டும் இடிச்சு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள் போட்டுப் பிசறி, ராத்திரி மூடி வச்சு, காலையில உருண்டை பிடிச்சு மாடியில காயவைப்பாங்க. விளக்கெண்ணெய் விட்டுப் பிசறுவாங்க. விளக்கெண்ணெய் எந்த பிரெஞ்சுக்காரன் அடுப்படியில இருக்கு?

முத்தியால்பேட்டையான்: எழுதினது நான்தான். பிரெஞ்சு சமையல்காரங்க கையில எடுக்கலன்னா உங்க வடகம் கடலூரைத் தாண்டியிருக்குமா? இன்னிக்கு வெளிநாட்டுக் கடையில வடூவான்னு கேட்டாத்தான் தர்றான்.

ஓ.டி.வாசி: பேரு வச்சவன் பெத்தவன் ஆயிடுவானா? வடகம்ங்கற நம்ம சொல்லுதான் அவங்க வாயில வடூவான் ஆச்சு. 1674ல பிரெஞ்சுக் கம்பெனி வந்து இறங்குற வரைக்கும் இங்க யாரும் குழம்பு தாளிக்கலையா? விளக்கெண்ணெய்க்குப் பதில் சொல்லுங்க.

பண்ருட்டியக்கா: நாங்க நல்லெண்ணெய்தான் விடுவோம்.

ஓ.டி.வாசி: நல்லெண்ணெய்னா ஆடி மாசத்துக்குள்ள சிக்கு வாடை வந்துடும்க்கா. பூச்சி அண்டாம இருக்கத்தான் விளக்கெண்ணெய்.

பண்ருட்டியக்கா: முப்பது வருஷமா போடறேன் தம்பி. என் ஜாடியை வந்து மோந்து பாருங்க.

முத்தியால்பேட்டையான்: உங்க மாவட்டத்துக்குள்ளேயே ஒத்துவரல, எங்ககிட்ட சண்டைக்கு வர்றீங்க.

வில்லியனூராள்: எண்ணெயை விடுங்க. வெயில்ல காய்ஞ்சது யாரு? அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க. வீட்டுக்குத் தூரம்னா நிழல் பட்டாலே வடகம் கெட்டுடும்னு என்னை மாடிப்படியிலேயே நிறுத்தினாங்க. பண்பாடுன்னு பெருமை பேசறவங்க இதையும் பேசுங்க.

ஓ.டி.வாசி: அது வேற பேச்சு. கேள்வி விளக்கெண்ணெய் பத்தி.

வில்லியனூராள்: உங்களுக்கு எப்பவும் இதே வேலை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனா "கருவாடு சமைப்பீங்களா"ன்னு கேட்டு ஆளை எடை போடறாங்கன்னு போன மாசம் எழுதினேன். அப்பவும் "வேற பேச்சு"ன்னீங்க. நான் மறக்கல.

ஓ.டி.வாசி: கருவாட்டைப் பத்தி எங்க ஊர்க்காரனுக்குப் பாடம் வேணாம். கடலூர் துறைமுகத்துல பொறந்து வளர்ந்தவன் நான்.

முத்தியால்பேட்டையான்: 1954 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சியில இருந்த ஊரு எங்க புதுச்சேரி. எங்க தெரு கிரியோல் (பிரெஞ்சு-தமிழ் கலப்புக் குடும்பம்) பாட்டி கறிக்குழம்புக்கு வடகம் கிள்ளிப் போடுவாங்க. அந்த ருசி உங்களுக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமையானா பைக்கை எடுத்துக்கிட்டு இங்கதானே வர்றீங்க?

ஓ.டி.வாசி: சாப்பிடவா வர்றாங்க? எதுக்கு வர்றாங்கன்னு ஊருக்கே தெரியும். உங்க பெரிய மார்க்கெட்ல விக்கிற பலாப்பழம் எந்த ஊரு, பண்ருட்டிதானே? அதையும் பிரெஞ்சுக்காரன் நட்டான்னு எழுதுங்க. அந்தப் பாட்டி எந்த எண்ணெய் விட்டாங்கன்னு கேட்டீங்களா? விளக்கெண்ணெயாத்தான் இருக்கும்.

முத்தியால்பேட்டையான்: எண்ணெய் எதுவா இருந்தா என்ன? பேரை உலகத்துக்குச் சொன்னது எங்க ஊரு.

ஓ.டி.வாசி: மறுபடியும் பேரு! நாளைக்கு எங்கம்மா ஜாடியை போட்டோ எடுத்துப் போடறேன். மேல மினுக்குறது என்ன எண்ணெய்னு பார்த்துட்டுப் பேசுங்க.

பண்ருட்டியக்கா: நானும் போடறேன் தம்பி. நல்லெண்ணெய்தான்.