மைனஸ் 1 போட்டா டாங்கிள் அறுபடாதாம்!

தொப்பூர்கணவாய்: நேத்து ஓசூர்_ரூட் எழுதின தீர்ப்பு இது: "அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் லினக்ஸில் டாங்கிள் (யூஎஸ்பி நெட் மோடம்) அறுந்தறுந்து வந்தா ஒரே காரணம் ஆட்டோசஸ்பெண்ட் (சும்மா இருக்கிற யூஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைக்கிற வசதி). கெர்னல் வரியில் (பூட் ஆகும்போது லினக்ஸோட உள்கருவான கெர்னலுக்குக் கொடுக்கிற வரி) யூஎஸ்பிகோர் (யூஎஸ்பியைக் கவனிக்கிற பகுதி) ஆட்டோசஸ்பெண்டுக்கு மைனஸ் 1, அதாவது 'தூங்கவே வேணாம்'னு கொடுங்க, முடிஞ்சது." எதையும் பார்க்காம எல்லாருக்கும் ஒரே மாத்திரை. அய்யா, கெர்னல் தானாத் தூங்க வைக்கிறது ஹப்பைத்தான் (யூஎஸ்பி போர்ட்டுகளைப் பிரிச்சுக் கொடுக்கிறது). மத்த சாதனங்களுக்குப் பவர் அடைவில் (ஃபோல்டரில்) இருக்கிற கண்ட்ரோல் கோப்பு பெரும்பாலும் 'ஆன்'னுதான் கிடக்கும். அதை யாராவது 'ஆட்டோ' ஆக்கினாத்தான் சும்மா இருந்தா தூங்க வைக்கிற 2 விநாடிக் கெடுவே ஓடும்.

ஓசூர்_ரூட்: 'ஆட்டோ' ஆக்கறது ஆவியா? பவர்டாப் (மின்சாரம் மிச்சம் பிடிக்கிற கருவி) ஆட்டோட்யூன் ஓடினா கண்ணில் பட்டதை எல்லாம் 'ஆட்டோ' ஆக்கிடும். டிஎல்பியும் (அதே மாதிரி இன்னொரு கருவி) லேசுப்பட்டதில்லை, டபிள்யூவேன் (மொபைல் நெட் மோடம்) விலக்கை 1 ஆக்கி வெச்சாத்தான் மோடத்தை விடும். ரிமோட் வேக்கப் (தூங்கிற சாதனம் தானே எழுந்து கணினியைக் கூப்பிடற வசதி) உருப்படியா இல்லாத மோடம் தூங்கினா எழுந்திருக்காது. அதுக்குத்தான் மைனஸ் 1.

தொப்பூர்கணவாய்: அப்போ பவர்டாப்பை நிறுத்தச் சொல்லுங்க. தூங்கிச்சா இல்லையான்னு கெர்னலே கணக்கு வெச்சிருக்கு. அதே அடைவில் ரன்டைம் சஸ்பெண்டெட் டைம்னு ஒரு கோப்பு, மில்லி விநாடியில். அதில் 0 இருந்தா மோடம் கண்ணே மூடலை. மைனஸ் 1 என்ன, மைனஸ் 100 போட்டாலும் ஒண்ணும் மாறாது.

ஓசூர்_ரூட்: அறுந்து திரும்பி வந்தப்புறம் பார்த்தா 0தான் காட்டும். கெர்னலுக்கு அது புது சாதனம், புதுக் கணக்கு. இதைக்கூடச் சொல்லாம வாத்தியார் வேலையா? மைனஸ் 1 போடுங்கப்பா.

தொப்பூர்கணவாய்: வாட்ச் கட்டளையில் அந்தக் கோப்பை ஓடவிட்டு, அறுபடறதுக்கு முன்னாடி பார்க்கணும். இன்னொண்ணு, டிஎம்எஸ்ஜியில் (கெர்னல் எழுதற பதிவேடு) மோடம் எந்த ஐடியோட திரும்பி வருதுன்னு பாருங்க. ஹுவாவே டாங்கிள் 12டி1, 1எஃப்01னு (முதல்ல கம்பெனி எண், அடுத்தது சாதன எண்) மறுபடி சிடி வேஷத்தில் (மோடமா மாறறதுக்கு முன்னாடி சிடி டிரைவாக் காட்டிக்கிற நிலை) வந்து நின்னா, அது மின்சாரம் செத்து முதல்லேர்ந்து கிளம்பியிருக்கு. தூங்கி எழுந்தது சிடி ஆகாது.

ஓசூர்_ரூட்: எழும்போது ஃபர்ம்வேர் தொங்கி ரீபூட் ஆனாலும் சிடியாத்தான் வரும். அப்போ?

தொப்பூர்கணவாய்: அப்போவும் முதல்ல தூங்கியிருக்கணுமே! சஸ்பெண்டெட் டைம் 0ன்னா எங்கே தூங்கிச்சு?

மாங்கனி04: ரெண்டு பேரும் விடுங்க. யூடெவ் ரூலில் (சாதனம் செருகினதும் தானா ஓடற விதி) 12டி1, 1எஃப்01 போட்டு, பவர் கண்ட்ரோலை 'ஆன்' ஆக்கிட்டா தீர்ந்தது.

தொப்பூர்கணவாய்: தீராது. யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் (சிடி வேஷத்தை மோடமா மாத்தற நிரல்) ஓடினதும் 1எஃப்01 போய் 14டிசியோ வேறொண்ணோ வந்துடும். ரூல் சிடிக்குக் காவல் நிக்கும், மோடம் அந்தப் பக்கமாப் போயிடும். வெண்டர் ஐடி (கம்பெனி எண், 12டி1) மட்டும் கொடுங்க. விஷயத்துக்கு வரேன். சிக்னலுக்காக ஜன்னல் வரைக்கும் டாங்கிளை இழுக்கிற 3 மீட்டர் மெல்லிசு நீட்டிப்பு வயரை எடுத்துக்குங்க, 28 கேஜ் (கம்பி தடிமன் எண்). மீட்டருக்கு 0.21 ஓம், போக வர 6 மீட்டர், கிட்டத்தட்ட 1.3 ஓம். 500 மில்லி ஆம்பியர் இழுத்தா 0.6 வோல்ட் வழியிலேயே காலி. 5 வோல்ட் கிளம்பி 4.4 போய்ச் சேருது. மலைப்பக்கம் சிக்னல் ஒரு கட்டைதான், மோடம் முழு சக்தியில் கத்தும். 2ஜிக்கு இறங்கினா துடிப்புக்கு 2 வாட் வரை. அந்த இழுப்பில் வோல்ட் இன்னும் விழும், அங்கேதான் அறுபடுது.

ஓசூர்_ரூட்: எல்எஸ்யூஎஸ்பியில் (யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியல் போடற கட்டளை) மேக்ஸ்பவர் 500 மில்லி ஆம்பியர்னு இருக்கு. யூஎஸ்பி 2 போர்ட் கொடுக்கிறதும் 500. கணக்கு சரியாத்தானே இருக்கு?

தொப்பூர்கணவாய்: அது மோடம் கொடுத்த வாக்குமூலம், மீட்டர் ரீடிங் இல்லை. ஓசூரில் டவருக்கு அடியில் உட்கார்ந்து பார்த்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும்.

ஓசூர்_ரூட்: ஊரை ஏன் இழுக்கறீங்க? அஞ்செட்டி எங்க மாவட்டம். 2004லேயே கிருஷ்ணகிரி தனியாப் பிரிஞ்சாச்சு, தர்மபுரிக்காரர் கவலைப்பட வேணாம்.

சும்மாபடிக்கிறேன்: டவரும் ரெண்டு பக்கமும் ஒழுங்கா இல்லை, சண்டை மட்டும் ஜோரா இருக்கு.

தொப்பூர்கணவாய்: பேச்சை மாத்தாதீங்க. யூஎஸ்பிகோர் கெர்னலுக்குள்ளேயே கட்டியிருந்தா மாட்ப்ரோப் கோப்பில் (தனியா ஏத்தற கெர்னல் பகுதிகளுக்கான அமைப்பு) போட்ட மைனஸ் 1 எடுபடாது, க்ரப்பில்தான் (கெர்னலைக் கிளப்பற பூட் நிரல்) போடணும். இதையும் உங்க தீர்ப்பில் காணோம்.

ஓசூர்_ரூட்: "கெர்னல் வரியில்"னு எழுதினதை முதல்ல படிங்க! மோட்ஸ்விட்ச் இழையிலும் இதே மாதிரி பாதி படிச்சுட்டு வந்துதான் குதிச்சீங்க.

மாங்கனி04: வெண்டர் ஐடி மட்டும் போட்டாச்சு. இன்னும் 'ஆட்டோ'ன்னே காட்டுது.

தொப்பூர்கணவாய்: பவர் கண்ட்ரோலுக்கு இரட்டைச் சமன் போட்டிருப்பீங்க. ஐடிக்கு இரட்டை, அது ஒப்பிட. மாத்தணும்னா ஒற்றை.

ஓசூர்_ரூட்: ஒற்றையாவே இருந்தாலும், பூட் ஆனப்புறம் பவர்டாப் வந்து மறுபடி 'ஆட்டோ' ஆக்கியிருக்கும். நான் சொன்னதை எவன் கேட்டான்?

மாங்கனி04: என் கோப்பைப் பார்க்காமலேயே ரெண்டு பேரும் தீர்ப்பு சொல்றீங்களே!